போகும்போது நிறைந்த படகு

மார்ச் 4

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம். நீ பாதியில் குறுக்கே விழ முடியாது.

படகுத்துறையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் ஒரு கம்பெனியின் புதுப் படகு நம் தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே ஓடுமாம். ஏசி அறை, மெத்தை இருக்கை. கட்டணம் நான் வாங்குவதில் பாதிகூட இல்லை. 'அரசு மானியத்துடன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அடியில் போக்குவரத்துத் துறை, அதற்கும் அடியில் உன் கையெழுத்து.

மளிகைக்கடைக்காரர் பக்கத்தில் நின்று முழுவதையும் படித்துவிட்டு, "உங்க தம்பிதானே? பெரிய ஆளாயிட்டாரு போங்க" என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. சிரித்து வைத்தேன்.

உன் அத்தான் இறந்துபோன நாளிலிருந்து இந்தப் படகை நான்தான் ஓட்டுகிறேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. லாபம் வந்த வருடம் பெயின்ட் அடித்தேன், வராத வருடம் அடிக்கவில்லை. அவ்வளவுதான் என் வியாபாரம். இன்னொருவன் வந்து என்னைவிட நன்றாக ஓட்டி, என்னைவிடக் குறைவாக வாங்கினால் தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொள்வேன். கம்பெனியோடு போட்டி போடலாம். அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அரசாங்கத்தோடு எப்படிப் போட்டி போடுவது? அந்த மானியத்தில் நான் கட்டிய வரியும் இருக்கிறது. என் கழுத்தை நெரிக்க நானே ஆள் வைத்துக் கூலி கொடுத்த கதை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடும்போது என் ஞாபகம் வந்ததா?

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தது. அதனால்தான் அந்தக் கோப்பு சில நாள் என் மேஜையிலேயே கிடந்தது. பிறகு போட்டேன்.

கோபப்படு. ஆனால் நான் சொல்வதையும் படி. நம் தீவில் எந்த டீச்சரும் ஒரு வருடத்துக்கு மேல் நிற்பதில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் பிள்ளைகள் அக்கரையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மூலையில் தங்க வேண்டும். நானும் அப்படி ஒரு மூலையில் வளர்ந்தவன்தான். காற்று மாதங்களில் ஆள் சேராவிட்டால் நீ படகை எடுப்பதில்லை. தப்பென்று சொல்ல மாட்டேன். நாலு பேருக்காக டீசல் எரித்தால் உனக்குக் கட்டாது. நான் கேட்பதும் அதுதான்: உனக்குக் கட்டாத நாளில் அந்த நாலு பேர் என்ன செய்வார்கள்? போட்டி, வியாபாரம் என்று எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு படகு இருக்கும் இடத்துக்குச் சந்தை என்று பெயர் இல்லை அக்கா. அதற்குப் பெயர் நீ.

டெண்டர் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. அது போகட்டும். சிறிய படகுக்காரர்களுக்குத் தனியாக ஒரு உதவித் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் இதோடு வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பினால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நான் இங்கே நலம் என்று எழுத வேண்டும், இல்லையா? அறை மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். பக்கத்து அறைக்காரரும் நானும் இத்தனை வருடத்தில் பேசிக்கொண்டதெல்லாம் "தண்ணி மோட்டார் போட்டாச்சா?" என்பது மட்டும்தான். ஆபீஸில் என்னை எல்லாரும் 'தீவு' என்று கூப்பிடுகிறார்கள். "தீவு, அந்த ஃபைல் எங்கப்பா?" முதலில் பிடிக்கவில்லை. இப்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துவிடுகிறது.

உன் தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டெண்டர் எல்லாருக்கும் திறந்திருந்தது என்கிறாய். நூறு இருக்கைக்குக் குறைந்த படகுகள் கலந்துகொள்ள முடியாது என்று அதன் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறதாமே. என் படகில் ஏறுவதே நாற்பது பேர். என்னை வெளியே தள்ளிவிட்டு, பிறகு ஜன்னல் வழியாக ஒரு ரொட்டித் துண்டு நீட்டுகிறாய். அது எனக்கு வேண்டாம்.

புதுப் படகை இங்கே வெள்ளைப் படகு என்கிறார்கள். வந்த முதல் வாரம் மரியாதைக்காகக் கொஞ்சம் பேர் என் படகில் ஏறினார்கள். மளிகைக்கடைக்காரர் வந்து, "ஒரு தடவ சும்மா அதுல போய்ப் பாத்தேங்க. ஏசி நமக்கு ஒத்துக்கல" என்றார். மறுநாள் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு அதிலேயே போனார். என்னைத் தாண்டும்போது எல்லாருக்கும் செருப்பில் ஏதோ ஒட்டிக்கொள்கிறது, குனிந்து பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

நாம் 'டீசல்' என்று கூப்பிடுபவரை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் அத்தான் காலத்திலிருந்து எஞ்சின் பார்த்துக்கொள்பவர். போன மாதம் வந்தார்.

"அக்கா, அவங்க வேலைக்குக் கூப்பிடறாங்க. நீங்க வேணாம்னு சொன்னா போகல."

"போங்க டீசல். அங்க ஏசியில நின்னா உங்க சட்ட வாசனையாவது போகும்" என்றேன்.

சிரித்தார். ஆனால் உடனே எழுந்து போகவில்லை. எஞ்சின் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நேற்று படகைக் கரையேற்றிவிட்டேன். இழுப்பதற்கு ஊரே வந்தது. இழுக்க வந்தார்கள், ஏறத்தான் வரவில்லை. தார்ப்பாய் போட்டு நானே கட்டினேன்.

முன்பெல்லாம் ஒவ்வொருவரிடமும் "பாத்து கால் வைங்க" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிப்போகும். இன்று காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. சும்மா ஒரு தடவை "பாத்து கால் வைங்க" என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் கால் வைக்கவில்லை.

பதில் எழுத வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நேற்று நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வுக்கு வருகிறேன் என்று உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவாய் என்று பயம். எங்கள் போக்குவரத்துத் துறை இயக்குநர் தீவின் படகுத்துறையைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், ஏதாவது காரணம் சொல்லி வீடுவரை வந்து போகலாம் என்று நினைத்திருந்தேன். திரும்பும் படகுக்குச் சீட்டு வாங்கக் கவுன்ட்டருக்கு வந்தால், உள்ளே கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு நீ.

"நாலு பேரும்மா, துறை ஆளுங்க" என்றார் இயக்குநர். நீ இலவசச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாய். மூன்று பேருக்கு எழுதினாய். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"பேர் சொல்லுங்க சார்."

நான் சொன்னேன். நீ எழுதினாய். "கடைசி எழுத்து குறிலா நெடிலா சார்?" என்று வேறு கேட்டாய்.

அப்பா எனக்கு அந்தப் பெயரை வைத்தபோது பக்கத்தில் நின்றவள் நீ.

படகில் இயக்குநர், "அந்தக் கவுன்ட்டர் அம்மா நல்ல ஒழுங்கா வேல செய்றாங்க, இல்ல?" என்றார். "ஆமா சார்" என்றேன். என் அக்கா என்று சொல்ல அக்கரைவரை நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

அந்தப் படகில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு கும்பல் இருந்தது. அக்கரையில் விளையாட்டுப் போட்டியாம். ஒரே கூச்சல். சாயங்காலப் படகில் வீடு திரும்பிவிடுவார்களாம், சாப்பாட்டுக்கு அம்மா காத்திருப்பாளாம். அவர்களைப் பார்த்தபோது நான் போட்ட கையெழுத்து சரிதான் என்று பட்டது. உன்னைப் பார்த்தபோது அதை அழித்துவிட்டு வரலாம் போலிருந்தது. இரண்டும் ஒரே கையெழுத்து. நான் என்ன செய்யட்டும்?

தம்பி


நவம்பர் 2

தம்பிக்கு,

குறிலா நெடிலா என்று வேண்டுமென்றேதான் கேட்டேன். அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் இல்லை.

தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் சோறு வருமா? கவுன்ட்டருக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததில் சிலது எனக்கும் தெரிகிறது. கணக்கு டீச்சர் அடுத்த வருடமும் இங்கேயே இருக்கப்போவதாகச் சொல்கிறார். அக்கரைக்குக் குடிபோன தச்சர் குடும்பம் திரும்பி வந்து வீட்டுக்கு மேல் மாடி எடுக்கிறது. ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் மெத்தையில் படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். என் படகில் அவளை மரப்பலகையில்தான் படுக்க வைத்திருப்பேன். உன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எழுதிவிட்டேன், ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்.

ஆனால் இன்னொன்றும் தெரிகிறது. படகு நிறைந்தாலும் கம்பெனிக்காரர்களுக்கு ஒன்றுதான், காலியாகப் போனாலும் ஒன்றுதான். அவர்களுக்குக் காசு எங்களிடமிருந்து வரவில்லை, உங்களிடமிருந்து வருகிறது. அவர்கள் ஏற்றிக்கொண்டு போகும் பயணி உண்மையில் நீங்கள்தான். நாங்கள் சும்மா கூடவே போகிறோம். என்றைக்காவது நீங்கள் இறங்கிக்கொண்டால், எங்களுக்காக ஒரு நாள்கூட அந்தப் படகு ஓடாது. அதை உங்கள் ஆபீஸில் யாராவது யோசித்தார்களா?

அடுத்த தடவை ஆய்வுக்கு வந்தால் வீட்டுக்கு வா. இயக்குநரை வெளியே உட்கார வைத்துவிட்டு.

அக்கா


ஜூன் 3

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். கம்பெனிகளுக்குக் கொடுக்கும் மானியங்கள் எல்லாம் இந்த மாதத்தோடு நிறுத்தம். தேர்தலுக்குப் பிறகு வந்த புது அமைச்சர் நேற்று எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்.

"தனியார் கம்பெனிக்கு ஜனங்க காச ஏன் தூக்கிக் குடுக்கணும்? ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டட்டும். தேவை இருக்கிற எடத்துக்குப் படகு தானா வரும். சந்தை பாத்துக்கும்."

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். நான் எழுந்து, "சார், அங்க ஏற்கெனவே ஒரு படகு இருந்திச்சு. மானியம் குடுத்து நாமதான் அதைக் கரையேத்தினோம். இப்ப நிறுத்தினா ரெண்டும் இருக்காது" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வேடிக்கை என்ன தெரியுமா? முதல் கடிதத்தில் நீ எனக்கு எழுதியதைத்தான் அவர் பேசினார். கிட்டத்தட்ட உன் வார்த்தைகள். நீ சொன்னபோது வலித்தது. அவர் சொன்னபோது எரிச்சலாக வந்தது. உன் வார்த்தைகள் உன் படகிலிருந்து வந்தவை. அவர் எந்தப் படகிலும் ஏறியதில்லை.

நிறுத்தும் ஆணையையும் நான்தான் தயாரிக்க வேண்டுமாம். உன் படகு எந்த நிலையில் இருக்கிறது?

தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

வெள்ளைப் படகு போய்விட்டது. கவுன்ட்டரில் இருந்த மின்விசிறியைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். தொப்பியைத் திருப்பிக் கொடுத்ததற்கு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மானேஜர் கெட்டவர் இல்லை. "எங்களுக்கும் கட்டாதும்மா" என்றார். உண்மைதான். யாருக்கும் கட்டாது.

தார்ப்பாயைப் பிரித்தோம். பலகைகள் காய்ந்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. எஞ்சின் அசையவில்லை. டீசல் திரும்பி வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை, நேராக எஞ்சின் பெட்டியைத் திறந்து குனிந்துகொண்டார். ஒரு மாதம் ஆகும் என்கிறார். அதுவரை மீன்படகுக்காரர்கள் தயவு.

உங்கள் அமைச்சர் கேட்டால் சொல், சந்தை தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்து கிடக்கிறது, எழுந்து வரக் கொஞ்ச நாள் ஆகும் என்று.

நேற்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளைப் படகின் கட்டணத்துக்கே நான் ஓட்ட வேண்டுமாம். பழுது பார்க்கும் செலவு, டீசல் விலை எல்லாம் சேர்த்து என் கட்டணத்தைச் சொன்னேன்.

"அவ்ளோவா?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"எப்பவும் அவ்ளோதாங்க. இத்தன நாளா உங்களுக்காக வேற யாரோ கட்டிட்டு இருந்தாங்க."

சொன்ன பிறகு எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. தச்சரின் மனைவி பாதி எழும்பிய தன் வீட்டு மாடியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நவம்பர் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அதிலிருந்து ஒரு திட்டம் எழுதியிருக்கிறேன். மானியத்தைக் கம்பெனியின் கையில் கொடுக்காமல் தீவில் இருப்பவர்கள் கையில் கொடுப்பது. ஆளுக்கு ஒரு பயண அட்டை. எந்தப் படகில் வேண்டுமானாலும் அதைக் காட்டிக் குறைந்த கட்டணத்தில் ஏறலாம், படகுக்காரருக்கு மீதியை அரசு கொடுத்துவிடும். பெரிய படகு, சிறிய படகு என்ற பேச்சே கிடையாது. மோசமாக ஓட்டினால் ஜனங்கள் அடுத்த படகுக்குப் போய்விடுவார்கள்.

இயக்குநர் புரட்டிப் பார்த்துவிட்டு, "தீவு, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். ஆனால் மேலே அனுப்பிவிட்டார்.

அப்படி ஒன்று வந்தால் நீ ஒப்புக்கொள்வாயா? மானியம் என்றாலே உனக்கு ஆகாதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துறைமுகம்வரை பஸ்ஸில் போய்விட்டு வருகிறேன். வேலை ஒன்றும் இல்லை. கயிறு அவிழ்க்கும் சத்தம் கேட்க.

தம்பி


செப்டம்பர் 29

தம்பிக்கு,

ஒப்புக்கொள்வேன். எனக்குக் கொடுத்தால் நான் உங்கள் ஆபீஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பயணி கையில் கொடுத்தால் பயணியைப் பார்த்துச் சிரித்தால் போதும். அது எனக்குப் பழக்கம்தான்.

ஆனால் சீக்கிரம் செய். படகு வாரத்துக்கு இரண்டு நாள் ஓடுகிறது. போகும்போது நிறைந்து போகிறது. கட்டில், பீரோ, தையல் மெஷின், கோழிக்கூண்டு. வரும்போது நானும் டீசலும் மட்டும். இந்தக் கட்டணத்தில் பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கு அனுப்புவது, மீனை எப்படி விற்றுவிட்டு வருவது என்று கேட்கிறார்கள். தினம் படகு உண்டு என்று நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள், அது இல்லாமல் பழையபடி வாழ மறந்துபோனார்கள்.

தச்சர் தான் எழுப்பிய மாடியைத் தானே பிரித்து, மரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளைகள் குறைந்ததால் கணக்கு டீச்சரை மாற்றிவிட்டார்கள். போன வியாழக்கிழமை மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார்.

"ரிட்டர்ன் வேணாமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் தராசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வரும்படி நான் பார்த்ததில்லை. குறுக்கே யாரும் வராத வியாபாரம் வேண்டும் என்றேன், கிடைத்துவிட்டது. ஊரைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அக்கரைக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஜனவரி 15

அக்கா,

பயண அட்டைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அமைச்சரே அறிவித்தார், தன் யோசனை என்று. அதுகூடப் பரவாயில்லை.

குறைந்தது இருநூறு பேர் வசிக்கும் தீவுகளுக்கு மட்டும் என்று நிதித்துறை ஒரு வரி சேர்த்துவிட்டது. நான் எழுதிய காலத்தில் நம் தீவில் அதைப் போல இரண்டு மடங்கு இருந்தார்கள். இப்போது அறுபது பேர்கூட இல்லை. வேறு இரண்டு தீவுகளுக்கு அட்டை போகிறது. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் ஆபீஸுக்கு மாலையோடு வந்தார்கள். எனக்கும் ஒன்று போட்டார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றபோது உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது என்று தோன்றியது.

விதியைத் தளர்த்தச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். "ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குப்பா படகு?" என்கிறார்கள். படகு இல்லாததால்தான் ஆள் இல்லை என்றால், அவர்களுக்கு அது வெறும் வார்த்தை விளையாட்டாகக் கேட்கிறது.

அடுத்த மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆய்வு இல்லை. வரலாமா?

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன்னை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கடல் தட்டையாக இருந்தது. டீசலிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு பயணிகள் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் நம் ஊர் ரொம்பச் சின்னது.

இருந்த மூன்று நாளும் நாம் சண்டை போடவில்லை, கவனித்தாயா? பூட்டிய வீடுகளுக்கு நடுவே நடந்தோம். நீ ஒவ்வொரு வாசலிலும் நின்று இது யார் வீடு என்று கேட்டாய், நான் சொன்னேன். கடைசியில் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய்.

படகில் வைத்துச் சொன்னாயே, "நீயும் எங்கூட வந்துடேன்கா" என்று. "நான் வந்துட்டா படகை யாரு ஓட்டுவா?" என்றேன். "யாருக்கு?" என்றாய். நீ சண்டைக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது சொல்கிறேன். நர்சு இருக்கிறாள், வாரம் ஒரு முறை மருந்து வாங்கப் போக வேண்டும். டயாலிசிஸுக்குப் போகும் தபால்காரர் இருக்கிறார். போன சனிக்கிழமை, குடிபோன ஒரு குடும்பம் வந்தது. பூட்டைத் திறந்து, வீட்டைப் பெருக்கி, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போனார்கள். யாருக்கு என்றால் இவர்களுக்குத்தான்.

இவர்களிடம் பழைய கட்டணத்தில் பாதிதான் வாங்குகிறேன். ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வியாழனும் சனியும் படகை எடுத்துவிடுகிறேன். கட்டுமா என்று நீ கேட்பாய். கட்டாது. ஊர் காலியான அந்த ஐந்து மாதத்தில் கட்டிலும் பீரோவும் ஏற்றிச் சம்பாதித்தது இருக்கிறது. போனவர்கள் கொடுத்த காசில் இருப்பவர்களுக்கு ஓட்டுகிறேன். இதற்கு உங்கள் ஆபீஸில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீ அந்த வார்த்தையைச் சொல்லாதே.

அந்தக் காசு தீரும்வரை ஓடும். அதற்குப் பிறகு என்ன என்று நானும் டீசலும் பேசிக்கொள்வதில்லை.

நேற்று ஏறியவர் ஒரே ஒருவர். அவர் கால் வைத்தபோது "பாத்து" என்றேன். அவர் திரும்பி, "என்னம்மா, எங்கிட்டயா சொன்னீங்க?" என்று கேட்டார்.

அக்கா